மூச்சைக் குடித்த சுவர்

வாடகை வண்டியிலிருந்து மகளும் மருமகனும் பெட்டிகளோடு இறங்கியபோது, அப்பா வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நின்று சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார். நல்ல வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

“என்னப்பா பண்றீங்க?”

“சுவரு காஞ்சிருக்கான்னு பாக்குறேன்.”

“காதாலயா?”

அவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். மகள் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரைப் பார்த்தார். பெயிண்ட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத்தான் விசாரிப்பார், பிறகுதான் மனிதர்களை.

அவள் அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டு ஓடி வந்ததற்குக் காரணம் ஒரு தொலைபேசிப் பேச்சு. சாப்பிட்டீங்களா, தூங்குறீங்களா என்று வழக்கம்போல் விசாரித்துவிட்டு வைக்கப்போகும் நேரத்தில், அப்பா மிகச் சாதாரணமாகச் சொல்லியிருந்தார்: “அம்மாவும் நல்லாத்தான் இருக்கா.”

அம்மா இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அப்பாவுக்குக் கட்டட வேலை வட்டாரத்தில் வெளிச்சுவர் என்று பெயர். பெற்றவர்கள் வேறு பெயர்தான் வைத்திருந்தார்கள். அது அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. வீட்டின் வெளிப்பக்கம் பூசுவது அவர் தொழில். இஞ்சினியர்கள் ஸ்டக்கோ என்பார்கள், அவர் முரட்டுப் பூச்சு என்பார். சிமெண்டும் மணலும் கொஞ்சம் சுண்ணாம்பும் சேர்த்து மூன்று தடவை பூச வேண்டும். முதல் பூச்சை ஈரத்தோடு சீப்பால் வாரியதுபோல் கீறிவிட வேண்டும்; அப்போதுதான் அடுத்தது பிடித்துக்கொள்ளும். பிறகு நாள் தவறாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையை வைத்துத் தேய்த்தால் தோல் உரியும். மழை, வெயில், பந்து விளையாடும் பிள்ளைகள், எல்லாவற்றையும் தாங்கும். பேச்சும் சுபாவமும் கன்னமும் அவருக்கு அதே பதத்தில்தான் இருந்தன.

அம்மா உள்சுவர். வீட்டுக்குள்ளே சுண்ணாம்புப் பூச்சு. வாரக்கணக்கில் ஊறவைத்துத் தயிராக்கிய சுண்ணாம்பை மெல்லிய மணலோடு குழைத்துப் பூசி, பூச்சுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துப் பாலாடை மாதிரி ஆக்கிவிடுவாள். இடக்கைக்காரி. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் வேளையில் பார்த்தால் அவள் தேய்த்த தடங்கள் எல்லாரும் தேய்ப்பதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். அது ஒன்றுதான் அவள் கையெழுத்து. மற்றபடி அவளுக்குக் கையெழுத்துப் போட வராது.

ரெண்டும் பூச்சுதானே என்று யாராவது கேட்டால் இருவரும் சேர்ந்து முறைப்பார்கள். குடும்ப வாழ்க்கையில் அவர்கள் முழுமையாக ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

“உன் சுவத்துல ஒரு வாளி தண்ணிய ஊத்தினா கரைஞ்சு ஓடிடும்” என்பார் அவர்.

“உங்க சுவத்துல சாஞ்சு உக்காந்தா முதுகு கிழிஞ்சிடும்” என்பாள் அவள். அத்தோடு விடமாட்டாள். “உங்க சிமெண்ட் தண்ணியக் குடிச்சுக் கெட்டியாகுது. என் சுண்ணாம்பு காத்தக் குடிச்சுக் கெட்டியாகுது. வீட்டுல இருக்குறவங்க விடுற மூச்சத்தான் அது குடிக்குது. வருஷக்கணக்கா. தெரியுமா?”

அவருக்குத் தெரியும். தெரியும் என்று ஒப்புக்கொண்டால் அன்றைய சண்டை முடிந்துவிடும் என்பதால் சொன்னதில்லை.

பெரும்பாலும் ஒரே வீட்டில், ஒரே சுவரில் வேலை. அவர் வெளியே சாரத்தின்மேல், அவள் உள்ளே முக்காலியின்மேல். நடுவில் செங்கல். பூச்சு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பது தொழிலில் எல்லாரும் செய்வது. உள்ளே பிடிக்காமல் பொள்ளலாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். இவர்கள் அதையே பேச்சாக்கிக்கொண்டார்கள். ஒரு தட்டு: இருக்கீங்களா? இரண்டு தட்டு: இருக்கேன். மூன்று தட்டு: தூசி அடைக்குது, தண்ணி. மூன்று கேட்டதும் அவர் சாரத்திலிருந்து இறங்கி, செம்பில் தண்ணீர் மொண்டு, சுற்றிக்கொண்டு உள்ளே போவார். குடித்துவிட்டு அவள் சுண்ணாம்புக் கட்டைவிரலால் அவருடைய வலது கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்துவிடுவாள். அவர் அதைத் துடைக்காமல் சாரம் ஏறுவார். சக வேலைக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் ஏதும் தெரியாதவர்போல் மணல் சலிப்பார்.

இந்த வீட்டையும் அப்படித்தான் பூசினார்கள். மகள் இந்தத் தட்டல்களைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதினாள்.

கடைசி வருஷம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. டாக்டர் நெஞ்சுப் படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிக் காட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தார். படத்தில் இரண்டு பக்கமும் வெள்ளையாக, சீராக, நல்ல வேலைக்காரர் பூசியதுபோல் இருந்தது. குரல் போன பிறகு அவள் படுத்தபடியே பக்கத்துச் சுவரில் தட்டினாள். ஒன்று. அவர் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டுவார். கடைசியாகத் தட்டியதும் ஒன்றுதான். அவர் பதில் தட்டினார். கேட்டதா என்று தெரியவில்லை.

•

வந்த அன்று சாயங்காலமே மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

அம்மாவின் கட்டிலை ஒட்டிய சுவரில், தலையணை உயரத்தில், ஒரு ஈரம். தேநீர்த் தட்டளவு வட்டம். விளிம்பு வெளுத்து, நடு கறுத்து.

“இது எப்பருந்துப்பா?”

“அவ போன மறுவாரத்துலருந்து. சாயங்காலம் வரும். காலைல காஞ்சிடும்.”

மருமகன் குனிந்து பார்த்தார். இது ஈரக்கசிவு என்றும், மேலே குழாய் ஓடும் என்றும், தங்கள் கம்பெனியில் இதற்கென்றே பத்து வருட உத்தரவாதத்தோடு ஒரு பூச்சு இருக்கிறது என்றும் சொன்னார். மாமியாரின் இறுதி ஊர்வலத்திலேயே சட்டைப்பையில் நிற அட்டையோடு நடந்தவர். தவறாக நினைக்க ஒன்றுமில்லை, நல்ல மனிதர். அட்டை எப்போதும் அங்கேதான் இருக்கும்.

மாமனார் பொறுமையாகக் கணக்குக் கொடுத்தார். மேலே குழாய் இல்லை. கூரையைப் பார்த்தாயிற்று. தரையிலிருந்து ஏறும் ஈரம் என்றால் அடியிலிருந்து வரவேண்டும், இப்படி நடுவில் வட்டமாக நிற்காது. வெளிப்பக்கம் அவரே பூசியது, ஒரு மயிரிழை வெடிப்பு இல்லை. இரண்டு மாதமாக மழையே இல்லை.

“அப்ப எங்கேருந்து மாமா வருது?”

“உள்ளேருந்து மாப்ள.”

மருமகன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

மகள் விரலை வைத்தாள். எடுத்துவிட்டாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

அப்பா அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். பேசாதே என்று கையைக் காட்டினார். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பு வாசனை; அதற்கு அடியில் அம்மா நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம், பிறகு அதுவும் இல்லை. அவள் கன்னத்தில், சுவர்ப்பக்கக் கன்னத்தில் மட்டும், மெல்லிய காற்று பட்டது. நின்றது.

மறுபடி பட்டது.

ஜன்னல் அடைத்திருந்தது.

“நல்லாத்தானே இருக்கா?” என்றார் அப்பா தாழ்ந்த குரலில். “கடைசி மாசத்துல இழுத்துச்சே, அந்த மாதிரி இழுப்பு இல்ல பாரு. நிதானமா விடுறா.”

மகள் எழுந்து வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்தாள். அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வந்தவள். இப்போது அந்த ஆறுதலும் போய்விட்டது.

•

மூன்றாம் நாள் மகள் இருமினாள்.

சமையலறையிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் அவர் கையிலிருந்த ரொட்டி அப்படியே நின்றது. வறட்டு இருமல். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று யாரிடமோ சொல்வதுபோல் முடியும் இருமல். அது எப்படித் தொடங்கும், எங்கே கொண்டுபோய் விடும் என்பது அவருக்கு மனப்பாடம்.

மருமகன் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஈரச் சுவருள்ள வீட்டில் பூஞ்சை வரும், பூஞ்சை நெஞ்சுக்கு ஆகாது, அத்தைக்கு இருந்த மாதிரியே இவளுக்கும் இருந்தால் என்ன செய்வது. அவர் விற்பதற்காகச் சொல்லவில்லை. சட்டைப்பைப் பக்கம் கையே போகவில்லை.

அன்றிரவு முழுக்க வெளிச்சுவர் மனைவியின் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு பக்கம் சுவரின் மூச்சு. இன்னொரு பக்கம், அடுத்த அறையில், மகளின் இருமல். விடியும்போது ஒரு தட்டுத் தட்டினார். பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சொல்லிவிட்டுச் செய்வது மரியாதை என்று பட்டது.

“பொண்ணுக்காகத்தான்” என்று சுவரிடம் சொன்னார். “நீயா இருந்தாலும் இதத்தான் செய்வ.”

காலையில் சிமெண்ட் குழைத்தார்.

சுண்ணாம்பு வேலை அவருக்கு வராது. நாற்பது வருடம் கைக்குப் பழகியது முரட்டுப் பூச்சு மட்டும்தான். எந்தச் சுவரானாலும், எந்தத் துக்கமானாலும் அவர் கை அதைத்தான் செய்யும். அவளுடைய பாலாடைச் சுவரைக் கொத்திச் சொரசொரப்பாக்கினார். முதல் பூச்சு போட்டுக் கீறினார். நாள்விட்டு இரண்டாவது. அதற்கும் மேல் முகப்புப் பூச்சு. படுக்கையறைக்குள் ஒரு தெருச்சுவர் வந்து நின்றது. மருமகன் பார்த்துவிட்டு, ரொம்ப கெட்டியா இருக்கு மாமா என்றார். வேறு என்ன சொல்வார்.

பூசி முடித்த அன்று சாயங்காலம் ஈரம் வரவில்லை. மகளை டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். பிரயாணத் தூசி என்று ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். இரண்டு வேளையில் இருமல் நின்றுவிட்டது.

அதாவது, இருமலுக்கும் சுவருக்கும் சம்பந்தமே இருக்கவில்லை.

•

மறுநாள் சாயங்காலம், வெளிச்சம் சாயும் அதே வேளையில், அவர் அந்த அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

தட்.

துடைப்பம் நின்றது.

தட். தட்.

சுவருக்குள்ளிருந்து. தலையணை உயரத்திலிருந்து. கரண்டிக் காம்பின் சத்தம். வேறு எதனோடும் அவர் அதைக் குழப்பிக்கொள்ளமாட்டார்.

மூன்று.

அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். ஐந்து மாதமாக மூச்சு மட்டும் விட்டவள் பேசிவிட்டாள். அவள் கேட்டதுகூட அவரால் கொடுக்க முடிந்ததைத்தான். ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். எங்கே கொடுப்பது என்று ஒரு கணம் முழித்துவிட்டு, சத்தம் வந்த இடத்தில் மெல்ல ஊற்றினார். புதுச் சிமெண்ட் உறிஞ்சிக்கொண்டது. சர்ரென்று அது குடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

“குடி. மெதுவா குடி” என்றார்.

மறுநாளும் மூன்று தட்டு. அவர் முன்கூட்டியே செம்போடு தயாராக இருந்தார். அதற்கு மறுநாள் மகள் கதவருகே வந்து நின்றபோது அவர் சுவருக்குத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தார். முகத்தில், பிள்ளை பிறந்த வீட்டுக்காரர் மாதிரி ஒரு களை.

“கேட்டுச்சா?” என்றார். “தண்ணி கேக்குறா.”

கேட்டது. அவளுக்கும் கேட்டது. அம்மாவின் தட்டலை ஏழாம் வாய்ப்பாட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தவள்.

தட். தட். தட்.

“நேத்து இதவிட சத்தமா இருந்துச்சாப்பா?”

“ஆமா. முந்தாநாள் இன்னும் சத்தம். இப்ப தாகம் கொறஞ்சிருக்கு போல.”

மகள் செம்பைப் பார்த்தாள். ஈரம் சொட்டும் சாம்பல் நிறச் சுவரைப் பார்த்தாள். கொத்தனார் வீட்டுப் பெண்.

“அப்பா” என்றாள். “சிமெண்ட்டுக்குத் தண்ணி ஊத்தினா என்ன ஆகும்?”

“இறுகும்” என்றார் அவர், தொழில்காரரின் வேகத்தில்.

சொல்லிவிட்டுச் செம்பைப் பார்த்தார்.

தட். தட்.

மூன்றாவது வரவில்லை.

•

உளியும் சுத்தியலும் எடுத்து அவர் பாய்ந்த பாய்ச்சலை மகள் அதற்குமுன் பார்த்ததில்லை. நெற்றியில் சிதறல் பட்டு ரத்தம் வந்தது. துடைக்கவில்லை. வந்துட்டேன் வந்துட்டேன் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பூசிய பூச்சு அவ்வளவு சுலபத்தில் விடுமா. நன்றாகத் தண்ணீர் காட்டி இறுக்கிய பூச்சு. வாழ்நாளில் அவர் செய்த வேலைகளிலேயே அதுதான் உறுதியாக அமைந்துவிட்டது.

கடைசியில் ஒரு மூலை நெகிழ்ந்தது. கடப்பாறையால் நெம்பினார். பெரிய பலகையாகப் பெயர்ந்து, கட்டிலின்மேல் குப்புற விழுந்தது.

பெயர்ந்தது சிமெண்ட் மட்டுமில்லை.

கெட்டியானது மென்மையானதைப் பிடித்துக்கொண்டால் விடாது. போகும்போது கூடவே கொண்டுபோய்விடும். அவளுடைய சுண்ணாம்புப் பூச்சு மொத்தமும் சிமெண்ட் பலகையின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவரில் வெறும் செங்கல். முப்பது வருடம் அந்த வீட்டின் மூச்சைக் குடித்த பூச்சு, அவள் கட்டிலில் துண்டுதுண்டாகக் கிடந்தது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டவில்லை. தேநீர்த் தட்டளவு. அங்கே பலகையின் முதுகு குழிந்திருந்தது. அவர் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

குழியில் கோடுகள். கரண்டி முனையால் சுரண்டியவை. ஒன்றன்மேல் ஒன்றாக, அவசரமாக, ஆழமாக.

எல்லாம் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் செங்கல்லில் நெற்றியை வைத்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். இருக்கியா?

செங்கல் செங்கல்லாகவே இருந்தது.

இரவு முழுக்கத் தட்டினார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வரவில்லை. விடிந்த பிறகு மருமகன் வந்து, அவர் கையைப் பிடித்து மெல்லத் தாழ்த்தினார். முட்டியில் தோல் இல்லை.

“ஒரு தடவ போனா அதுக்குப் பேரு சாவு மாப்ள” என்றார் வெளிச்சுவர். “இத என்னன்னு சொல்றது?”

மருமகனிடம் அதற்கு அட்டை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

•

எங்களோடு வந்துவிடுங்கள் என்று மகள் கூப்பிட்டதற்கு, வெறும் செங்கல்லாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்றார். பூசி முடித்ததும் உங்களோடு வந்துவிடுகிறேன் என்றும் சொன்னார். மகள் லீவை நீட்டித்துக்கொண்டாள்.

கொல்லையில், மூடிபோட்ட தொட்டியில், மனைவி ஊறவைத்த சுண்ணாம்பு இன்னும் தயிர்ப் பதத்தில் இருந்தது. உடைந்த பழைய பூச்சை மகள் உட்கார்ந்து சிமெண்ட்டிலிருந்து ஒவ்வொரு துண்டாகச் சுரண்டி எடுத்தாள், இடித்தாள், சலித்தாள். அதையும் சேர்த்துக் குழைத்தார். எதையும் வெளியே கொட்டவில்லை.

பூசத் தெரியவில்லை. நாற்பது வருட அனுபவஸ்தரின் கை முதல் நாள் சித்தாள் கை மாதிரி தடுமாறியது. சுண்ணாம்புக்கு அழுத்தக்கூடாது, அவர் அழுத்தினார். சிமெண்ட் மாதிரி அவசரப்படக்கூடாது, அவசரப்பட்டார். மேடும் பள்ளமுமாகச் சுவர் வந்தது. அவள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்புக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

இந்தத் தடவை தண்ணீர் ஊற்றவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தார். சுவருக்கு முகம் கொடுத்து உட்கார்ந்து, மூச்சு விட்டார். நாள் முழுக்க. மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தால் குடித்துவிட்டு, மறுபடி மூச்சு விட்டார். ஒரு நாள் அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு நாள் மருமகனும். மூன்று பேர் வரிசையாக ஒரு சுவரைப் பார்த்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் வழியாகப் போன பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே டி.வி. ஓடுகிறது என்று நினைத்துப் போய்விட்டார்.

சுவர் காய்ந்தது. ஈரம் வரவில்லை. தட்டல் வரவில்லை. தைல வாசனைகூட இல்லை. லீவு முடிந்தது.

கிளம்பும் நாள் காலையில் அவர் கடைசியாக அறைக்குள் போனார். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அவர் பூசிய மேடுபள்ளம் எல்லாம் நிழலோடு எடுப்பாகத் தெரிந்தன. ஒரு இடம் தவிர.

தலையணை உயரத்தில், தேநீர்த் தட்டளவுக்கு, சுவர் பாலாடையாக இருந்தது.

விரல் நுனியால் தடவினார். காய்ந்திருந்தது, குளிர்ந்திருந்தது. தேய்ப்புத் தடங்கள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நம்பி ஏமாந்தால் இன்னொரு தடவை தாங்காது.

மருமகன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக் கொக்கி போட்டார். பின்கதவு. முன்கதவு. பூட்டை இழுத்துப் பார்த்தார். வாடகை வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் பெட்டியை வாங்கினார்.

தட்.

சந்துப்பக்கச் சுவரிலிருந்து.

தட். தட்.

யாரும் அசையவில்லை. டிரைவர் மட்டும், உள்ள யாரோ இருக்காங்க போலிருக்கே என்றார்.

மகள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டாள். மூடியைத் திருகினாள்.

“அம்மா தண்ணி கேக்குறாங்க.”

“வேணாம்” என்றார் அப்பா. “தண்ணி இல்லம்மா. தண்ணி நான் கொடுத்த பதில். அவ கேட்டது எப்பவுமே காத்து.”

அவர் சந்துக்குள் நடந்தார். தன் முரட்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போய், படுக்கையறை ஜன்னலின் கதவை வெளியிலிருந்து நெம்பினார். உள்ளே கொக்கி தெறித்து விழுந்தது. கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்தார்.

உள்ளே இருட்டு. கட்டிலின் கால் மட்டும் தெரிந்தது.

நெடுநேரம் அடக்கிவைத்திருந்த ஒரு மூச்சு, வெதுவெதுப்பாக, சுண்ணாம்பும் தைலமுமாக, அவர் முகத்தின்மேல் வந்து விழுந்தது. நின்றது. மறுபடி வந்தது. அவர் அதோடு சேர்ந்து மூச்சு விட்டார்.

பிறகு, மிக மெதுவாக, ஒரே ஒரு தட்டு.

அவர் வெளிச்சுவரில், தோலுரிந்த முட்டியால், இரண்டு தட்டினார். பதில் போய்ச் சேர்ந்ததா என்று இந்தத் தடவை அவர் யோசிக்கவில்லை.

மருமகன் டிரைவரிடமிருந்து மாமனாரின் பெட்டியைத் திரும்ப வாங்கி, பூட்டைத் திறந்து, உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

சந்திலிருந்து திரும்பிய அப்பாவை மகள் வாசலில் மறித்து நின்றாள். வெயில் அவர் முகத்தில் நேராக அடித்தது. அழுதிருந்தார். அவள் துடைக்கப்போன கை பாதியிலேயே நின்றது.

உள்ளே சுவர் காய்ந்து பல நாளாகியிருந்தது. தொட்டிச் சுண்ணாம்பும் வழித்தெடுத்துத் தீர்ந்துவிட்டது.

அவருடைய வலது கன்னத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு, ஈரச் சுண்ணாம்பு வெள்ளையாக இழுத்திருந்தது.